100 தண்ணீருக்கு 87 நீராவி: ஆரிஃபைஸ் மீட்டரோடு மூன்று வாரம்

ஈரோடு பக்கம் ஒரு துணி புராசஸிங் மில்லில் இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்க்கிறேன். எங்கள் பாய்லர் விறகில் எரிகிறது. நாள் முழுக்க உள்ளே போகும் தண்ணீரை ஃபீட் வாட்டர் லைனில் இருக்கும் மின்காந்த மீட்டர் அளக்கும். வெளியே வரும் நீராவியை மெயின் லைனில் இருக்கும் ஆரிஃபைஸ் மீட்டர் அளக்கும். இரண்டையும் தினமும் காலை ஆறு மணிக்கு ரெஜிஸ்டரில் எழுதுவார்கள். மூன்று மாதமாக இரண்டும் ஒத்துப்போகவில்லை. தண்ணீர் 100 கன மீட்டர் போனால் நீராவி 87 டன்தான் என்று மீட்டர் காட்டியது.

கணக்குப் பிரிவுக்கு இது விறகுச் செலவு. ஒரு கிலோ விறகுக்கு எத்தனை கிலோ நீராவி என்று ஒரு விகிதம் போடுவார்கள். முன்பு 3.8 வந்துகொண்டிருந்தது, இப்போது 3.25. மாதக் கூட்டத்தில் பாய்லர் ஆட்களைத்தான் கேட்டார்கள். எங்கள் மூத்த அட்டெண்டன்ட் அண்ணன் இருபது வருடமாக அந்தக் கதவைத் திறந்து விறகு போடுகிறவர். கூட்டம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, நாங்க எப்பவும் போலத்தானுங்க எரிக்கிறோம். அந்த மீட்டர ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."

அவர் கேட்டது நியாயம். மூன்று மாதமாக அந்த மீட்டரை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாளே ஆரம்பித்தேன்.

ஆரிஃபைஸ் மீட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 6 அங்குலக் குழாய், உள்விட்டம் 154.1 மி.மீ. அதன் குறுக்கே நடுவில் 91.8 மி.மீ. துளை போட்ட 6 மி.மீ. கனமுள்ள எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடு ஒன்று, குழாய்களை போல்ட்டால் இணைக்கும் ஃபிளேஞ்சுகளுக்கு நடுவே நிற்கிறது. அகலமான வாய்க்காலில் மெதுவாக வரும் தண்ணீர் மடையில் நுழையும்போது வேகம் எடுக்கிற மாதிரி, துளையில் நீராவி வேகம் எடுக்கும். வேகம் கூடினால் அங்கே அழுத்தம் குறையும். தகட்டுக்கு முன்னால் (ஹை பக்கம்) அழுத்தம் எடுக்கும் ஒரு சிறு துளை, அதாவது டேப்பிங், பின்னால் (லோ பக்கம்) இன்னொரு டேப்பிங். இரண்டுக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தை டிபி டிரான்ஸ்மிட்டர் எடுக்கிறது. எங்களுடையது 0 முதல் 2500 மி.மீ. தண்ணீர் உயரத்துக்குச் சமமான அழுத்தம் வரை. 10 கிலோ (சதுர செ.மீ.க்கு) அழுத்தத்தில் மணிக்கு 8 டன் ஓடினால் 2500 மி.மீ. வரும் என்று தகட்டைக் கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள். துளைக்கும் குழாய்க்கும் உள்ள விகிதம், பீட்டா என்பார்களே, அது 0.596.

இந்த மீட்டரில் மனதில் வைக்க வேண்டிய முதல் விஷயம் வர்க்கமூலம். ஓட்டம் பாதியானால் வித்தியாச அழுத்தம் கால்வாசியாகிவிடும். ஓட்டம் பத்தில் ஒன்றானால் வித்தியாசம் நூறில் ஒன்றுதான், அதாவது 2500-க்கு வெறும் 25 மி.மீ. அந்த 25 மி.மீ.-ஐ நம்பித்தான் குறைந்த ஓட்டத்தில் நாம் எண் எழுதுகிறோம்.

முதலில் மீட்டரைத் தொடவில்லை. இரண்டு எண்கள் முட்டிக்கொள்ளும்போது எது சரி என்று தெரியாமல் ஒன்றைக் குற்றம் சொல்லக் கூடாது. அதனால் தண்ணீர்ப் பக்கத்தைச் சோதித்தேன். ஃபீட் டேங்க் உள்ளளவு 2 மீட்டருக்கு 2 மீட்டர். அரைமணி நேரம், புதுத் தண்ணீர் விடும் மேக்கப் வால்வை மூடி, கண்டென்சேட் (நீராவி குளிர்ந்த தண்ணீர்) திரும்பி வரும் லைனையும் வேறு பக்கம் திருப்பிவிட்டு, எஃகு அளவுகோலைத் தொங்கவிட்டு மட்டம் இறங்குவதைப் பார்த்தேன். 52 செ.மீ. இறங்கியது. 4 சதுர மீட்டருக்கு 2.08 கன மீட்டர். மீட்டர் அதே அரைமணியில் 2.10 காட்டியது. தண்ணீர் மீட்டர் நல்ல மீட்டர்.

ஆனால் அந்த மீட்டர் காட்டுவது கன மீட்டர், டன் அல்ல. எங்கள் ஃபீட் வாட்டர் 85 டிகிரி. அந்தச் சூட்டில் ஒரு கன மீட்டர் தண்ணீர் 968 கிலோதான். 100 கன மீட்டரை 100 டன் என்று எழுதிய இடத்திலேயே 3 டன் அதிகம். அடுத்தது பிளோடவுன், அதாவது உப்பு சேராமல் இருக்க பாய்லர் தண்ணீரில் கொஞ்சத்தைத் திறந்துவிடுவது. ஃபீட் வாட்டரில் டிடிஎஸ் (கரைந்த உப்பு) 120, பாய்லர் தண்ணீரில் 3400 வைத்திருக்கிறோம். 120-ஐ 3400-ஆல் வகுத்தால் 3.5 சதவீதம். உள்ளே போகிற தண்ணீரில் அவ்வளவு பிளோடவுனில் வெளியேறியாக வேண்டும், இல்லையென்றால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆக 100 கன மீட்டரில் 96.8 டன், அதில் பிளோடவுன் போக நீராவி 93.4 டன். மீட்டர் காட்டுவது 87. 13 சதவீதமாகத் தெரிந்த வித்தியாசம் 7 ஆனது. பாதிப் பழி இங்கேயே போய்விட்டது என்று அண்ணனிடம் சொன்னேன். "மீதிப் பாதி?" என்றார்.

மீதிக்காக டிரான்ஸ்மிட்டருக்குப் போனேன். இறக்கி, கைப்பம்பும் மேனோமீட்டரும் மாட்டி ஐந்து புள்ளிகளில் சோதித்தேன். 0, 625, 1250, 1875, 2500. 0-க்கு 4, முழு 2500-க்கு 20 மில்லியாம்ப் மின்னோட்டம் வர வேண்டும். வந்தது 4.00, 8.00, 12.01, 16.01, 20.00 மில்லியாம்ப். இறங்கும்போதும் அதே. டிரான்ஸ்மிட்டரில் ஒரு குறையும் இல்லை. என் அனுபவத்தில் பத்துக்கு எட்டுத் தடவை டிரான்ஸ்மிட்டர் நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் எல்லோரும் முதலில் அதைத்தான் மாற்றச் சொல்வார்கள், கையில் தூக்கிக்கொண்டு போகக் கூடிய பொருள் அது ஒன்றுதான் என்பதால்.

கூடவே வர்க்கமூலம் எங்கே எடுக்கப்படுகிறது என்றும் பார்த்தேன். நம் ஊர் ஆலைகளில் அடிக்கடி கோட்டை விடும் இடம் இது. டிரான்ஸ்மிட்டரிலும் எடுத்து, கணக்குப் போடும் கம்ப்யூட்டரான பிஎல்சியிலும் எடுத்தால் இரண்டு தடவை ஆகிவிடும். முழு ஓட்டத்தில் அது தெரியவே தெரியாது, 100 சதவீதத்துக்கு எத்தனை வர்க்கமூலம் எடுத்தாலும் 100-தான். ஆனால் 25 சதவீத ஓட்டம் 50 என்று காட்டும். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ராத்திரி ஷிஃப்டில் மட்டும் நீராவி கொள்ளை போவதாகச் சொல்லி வாட்ச்மேன் வரை விசாரித்தார்கள். காரணம் இதுதான். இங்கே 625-க்கு 8.00 மில்லியாம்ப் வந்ததால் டிரான்ஸ்மிட்டர் நேர்கோட்டில்தான் இருக்கிறது. வர்க்கமூலத்தில் இருந்திருந்தால் 12.00 வந்திருக்கும். பிஎல்சி ஒரு தடவைதான் எடுக்கிறது. சரி.

டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால் இருக்கும் வால்வுத் தொகுப்பான மேனிஃபோல்டில், இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஈக்வலைசர் வால்வு கசிந்தாலும் ரீடிங் குறையும். ஹை பக்க அழுத்தம் லோ பக்கத்துக்கு ஒழுகிவிடும். அதையும் பார்த்தேன். கசிவு இல்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மில் லீவு. பாய்லரில் அழுத்தம் இருக்கும்போதே மீட்டருக்கு அந்தப் பக்கம் ஹெடர் வால்வை மூடச் சொன்னேன். குழாயில் அழுத்தம் உண்டு, ஓட்டம் இல்லை. இப்போது டிரான்ஸ்மிட்டர் சரியாக 4.00 காட்ட வேண்டும். மல்டிமீட்டரில் 3.885 வந்தது. கணக்குப் போட்டால் மைனஸ் 18 மி.மீ. மேனிஃபோல்டில் ஈக்வலைசரைத் திறந்து ஜீரோ பார்த்தால் அதே டிரான்ஸ்மிட்டர் 4.00 காட்டுகிறது. பிஎல்சி திரையில் மைனஸ் எண்ணை ஜீரோ என்றே காட்டும்படி போட்டிருந்ததால் இத்தனை நாள் யார் கண்ணுக்கும் படவில்லை.

மேனிஃபோல்டில் ஜீரோ சரி, லைனில் ஜீரோ தவறு என்றால் கோளாறு மேனிஃபோல்டுக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கிறது. நீராவி லைனில் டேப்பிங்கிலிருந்து டிரான்ஸ்மிட்டர் வரை போகும் சிறு குழாயான இம்பல்ஸ் லைன் முழுக்கத் தண்ணீர் நிற்கும். சுடும் நீராவி டிரான்ஸ்மிட்டர் வரை வந்துவிடாமல் அந்தத் தண்ணீர்தான் காக்கிறது. இரண்டு லைனின் தலையிலும் ஒவ்வொரு கண்டென்சேட் பாட். நீராவி அதில் குளிர்ந்து தண்ணீராகும், மிஞ்சியது குழாய்க்கே வழிந்துவிடும். அதனால் தண்ணீர் மட்டம் எப்போதும் ஒரே உயரத்தில் நிற்கும். இரண்டு பாட்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் இரண்டு தண்ணீர்க் கம்பங்களும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஒன்று இறங்கினால் அந்த இறக்கம் அப்படியே ரீடிங்கில் வரும்.

பின்பக்கக் கட்டடத்தில் வேலை பார்த்த கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கிவந்தேன். கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை லோ பாட்டின் வாய் மட்டத்திலும் மறுமுனையை ஹை பாட்டின் பக்கத்திலும் பிடித்தோம். அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தண்ணீர் ஆடி நின்றதும் பென்சிலால் கோடு போட்டு அளந்தால் ஹை பாட் 18 மி.மீ. கீழே இருந்தது. அதைத் தாங்கும் பிராக்கெட்டின் வெல்டிங் பாதி விட்டு, பாட் தலை குனிந்த மாதிரி சாய்ந்திருந்தது. மில்லியாம்பில் வந்த 18-ம் டியூப் லெவலில் வந்த 18-ம் ஒன்றாக இருந்ததைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

18 மி.மீ. பெரிதா என்றால், எந்த நேரத்தில் என்பதைப் பொறுத்தது. பகலில் 530 மி.மீ. ஓட வேண்டிய இடத்தில் 512 ஓடும். வர்க்கமூலம் எடுத்தால் 2 சதவீதம்கூடக் குறையாது. ராத்திரியில் ஒரே ஒரு மெஷின் ஓடும்போது 90 மி.மீ. வர வேண்டிய இடத்தில் 72 வரும். ஓட்டம் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்து தெரியும். பிராக்கெட்டை வெல்டு வைத்து நிமிர்த்தி, மறுபடி லெவல் பார்த்து, லைனில் ஜீரோ 4.00 ஆனதும் விட்டோம். டிரான்ஸ்மிட்டரில் ஜீரோவை 18 மி.மீ. தள்ளிவைத்தாலும் எண் வந்துவிடும்தான். ஆனால் அடுத்து வருகிறவர் மேனிஃபோல்டில் ஜீரோ பார்த்துத் "தவறு" என்று திருத்துவார், கோளாறு திரும்ப வந்துவிடும். கோணலை இருக்கிற இடத்திலேயே நிமிர்த்துவதுதான் நல்லது.

அந்த வாரம் வித்தியாசம் 7-லிருந்து 5.5 சதவீதமாக வந்தது.

அடுத்தது அடர்த்தி. எனக்கு இதில் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்தது. ஆரிஃபைஸ் மீட்டர் எடையை நேராக அளப்பதில்லை. அழுத்த வித்தியாசத்தை எடுத்து, நீராவி இவ்வளவு கனமானது என்று வைத்துக்கொண்டு எடையைச் சொல்கிறது. தகடு செய்தது 10 கிலோ அழுத்தத்துக்கு. அங்கே நீராவி ஒரு கன மீட்டர் 5.55 கிலோ. ஆனால் போன வருடம் பழைய மெஷின் ஒன்றை எடுத்த பிறகு 8 கிலோ போதும் என்று பாய்லர் அழுத்தத்தைக் குறைத்துவிட்டோம். 8 கிலோவில் அடர்த்தி 4.58. எடை ஓட்டம் அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 4.58-ஐ 5.55-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.908. அதாவது மீட்டர் 100 என்றால் உண்மையில் 90.8. மீட்டர் கூடுதலாகக் காட்டிக்கொண்டிருக்கிறது!

இங்கேதான் நான் திகைத்து உட்கார்ந்தேன். நாங்கள் தேடுவது குறைகிற காரணத்தை. கிடைத்திருப்பதோ கூடுகிற காரணம். இதைத் திருத்தினால் இடைவெளி இன்னும் பெரிதாகும். கணக்கு தெளிவாக இருந்தது, ஸ்டீம் டேபிளில் சந்தேகமில்லை, பாய்லர் கேஜும் சரி. பிஎல்சியில் 8 கிலோவுக்கான அடர்த்தியைப் போட்டேன். மறுநாள் வித்தியாசம் 14 சதவீதம்.

மேனேஜர் கூப்பிட்டார். "ஏப்பா, சரி பண்றேன்னு போய் இன்னும் கெடுத்துட்டியே. பேசாம அந்த அடர்த்தியப் பழையபடி வெச்சுட்டு, மேல அஞ்சரை பர்சன்ட் கூட்டிப் போட்டுரு. கணக்கு டேலி ஆயிரும்ல."

கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் எனக்கு ஒப்பவில்லை. "சார், அடர்த்தி சரியான திருத்தம். அதைப் போட்ட பிறகு 14 வருதுன்னா, உண்மையான கோளாறு 14 அளவுக்குப் பெரிசு. இத்தனை நாள் அடர்த்தி அதை மறைச்சுட்டு இருந்திருக்கு. ஒரு வாரம் குடுங்க" என்றேன். ஒரு எண்ணைப் பெருக்கிப் பொருத்திவிட்டால் அது இன்றைய அழுத்தத்துக்கும் இன்றைய ஓட்டத்துக்கும் மட்டும்தான் பொருந்தும். நாளைக்கு அழுத்தத்தை 7 ஆக்கினால் மறுபடி கோணும், அப்போது எங்கே தேடுவது என்றே தெரியாது.

அன்று ராத்திரி பாய்லர் ரெஜிஸ்டரை வீட்டுக்கு எடுத்துப்போனேன். மாதச் சுருக்கத்தில் விகிதம் மெல்ல மெல்லச் சரிந்த மாதிரிதான் தெரிந்தது. தினசரிப் பக்கங்களைப் புரட்டியதும் வேறு படம். பாய்லர் வருடாந்தர இன்ஸ்பெக்‌ஷனுக்கு நிறுத்திய நாள் வரை தண்ணீர் 100-க்கு நீராவி 101. இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து எரித்த முதல் நாளே 87. நடுவில் 95 இல்லை, 91 இல்லை. மாதத்தின் நடுவில் நிறுத்தியதால் சராசரியில் சரிவாகத் தெரிந்திருக்கிறது.

100 தண்ணீருக்கு 101 நீராவி! பிளோடவுன் போக 93-க்கு மேல் வரவே முடியாத இடத்தில் 101. தண்ணீரை டன்னாக எழுதிய தவறு, பிளோடவுனைக் கழிக்காத தவறு, அடர்த்தித் தவறு, எல்லாம் சேர்ந்து ஒன்றையொன்று ஈடுகட்டி அழகாகப் பொருந்திவிட்டன. அந்தக் காலத்தைத்தான் எல்லோரும் "மீட்டர் நல்லா இருந்த காலம்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

படிக்கட்டு மாதிரி ஒரே நாளில் இறங்கினால் அது தேய்மானம் அல்ல, அழுக்கும் அல்ல. யாரோ கை வைத்திருக்கிறார்கள். மறுநாள் அண்ணனிடம் கேட்டேன், இன்ஸ்பெக்‌ஷன் சமயத்தில் மீட்டர் பக்கம் என்ன வேலை நடந்தது என்று. கொஞ்சம் யோசித்தார். "ஃபிளேஞ்சுல நீராவி சீறிட்டு இருந்துச்சுங்க. வெளியாள் வந்து கேஸ்கட் மாத்துனாங்க. அப்பறம் லேகிங் சுத்திட்டுப் போயிட்டாங்க."

கேஸ்கட் மாற்றினால் தகடு வெளியே வந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு வரை காத்திருந்தேன். பாய்லரை அணைத்து, லைனை வடித்து, டேப்பிங் வால்வுகளை மூடி, குழாய் கை வைக்கிற சூட்டுக்கு வரும் வரை பொறுத்தோம். நீராவி ஃபிளேஞ்சைத் திறக்கும்போது எதிர்ப்பக்க போல்ட்டை முதலில் தளர்த்த வேண்டும். மிச்ச அழுத்தம் இருந்தால் நம் முகத்துக்கு எதிரே வராமல் அந்தப் பக்கம் சீறிப் போகும். எத்தனை தடவை செய்த வேலையானாலும் இதில் அவசரம் கூடாது. 12 போல்ட். ஜாக் போல்ட்டுகளை முறுக்கி ஃபிளேஞ்சுகளை விலக்கினேன்.

சூடு போகாமல் குழாயைச் சுற்றியிருந்த லேகிங்கைப் பிரித்தபோதே பாதி தெரிந்துவிட்டது. தகட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியில் டேக் எண், துளை விட்டம், குழாய் விட்டம் எல்லாம் குத்தியிருப்பார்கள். அந்த எழுத்து இருக்கும் முகம் நீராவி வரும் பக்கம், அதாவது பாய்லரைப் பார்த்து இருக்க வேண்டும். நான் பாய்லர் பக்கம் நின்று பார்த்தேன், மொட்டையாக இருந்தது. எழுத்து பின்பக்கம்.

தகட்டை வெளியே எடுத்துத் துணியால் துடைத்தேன். துளையின் ஒரு முகத்தில் விளிம்பு கத்தி மாதிரி செங்குத்தாக இருக்கிறது. விரல் நகத்தை மெல்ல இழுத்தால் சீவி எடுக்கிறது. மறுமுகத்தில் 45 டிகிரி சரிவு, புனல் வாய் மாதிரி. கூர்மையான முகம் ஓட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும், சரிவு பின்னால். எங்கள் தகடு மூன்று மாதமாகப் புனலை முன்னால் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

தகட்டின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை உண்டு. கைப்பிடி மேலே இருக்கும்படி முகத்தை மட்டும் திருப்பினால் அந்த ஓட்டை அடியிலேயேதான் வரும். அதனால் மாட்டியவருக்கு எல்லாம் சரியாக இருந்த மாதிரியே தெரிந்திருக்கும். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கேஸ்கட் வேலைக்கு வந்தவர், கசிவை நிறுத்திவிட்டுப் போனார். கூட நின்று தகட்டைப் பார்த்திருக்க வேண்டியவன் நான். அன்று நான் வேறு வேலையில் இருந்தேன்.

திருப்பி மாட்டினால் ஏன் குறைகிறது? கூரிய விளிம்பில் மோதும் நீராவி சட்டென்று திரும்ப முடியாமல் உள்பக்கமாக ஒடுங்கும். துளையைத் தாண்டியும் தாரை துளையைவிடச் சிறுத்தே போகும். அந்த ஒடுக்கத்தால்தான் இந்த மாதிரித் தகட்டுக்கு ஓட்டக் கெழு (கணக்குப்படி வர வேண்டிய ஓட்டத்தில் உண்மையில் போகும் பங்கு) 0.6 பக்கத்தில் வருகிறது. ஐ.எஸ்.ஓ. 5167 தரத்தில் இருக்கும் சமன்பாடுகளெல்லாம் அந்தக் கூரிய விளிம்பை நம்பித்தான் எழுதப்பட்டவை. புனல் வாய் முன்னால் இருந்தால் நீராவி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், ஒடுக்கம் குறையும், அதே ஓட்டத்துக்கு அழுத்த வித்தியாசம் குறைவாக வரும். தகட்டின் கனத்தையும் சரிவின் ஆழத்தையும் பொறுத்து 10 சதவீதத்துக்கு மேல், சில தகடுகளில் 20 பக்கம்கூட ரீடிங் இறங்கும். எங்களுக்கு 14.

விளிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. நகத்தால் தடவிப் பார்ப்பது ஒரு சோதனை. இன்னொன்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. விளிம்பில் ஒளிக்கோடு மின்னினால் அது மழுங்கியிருக்கிறது என்று அர்த்தம். விளிம்பின் வளைவு துளை விட்டத்தில் பத்தாயிரத்தில் நான்கு பங்கைத் தாண்டக் கூடாது என்பது தரம். எங்கள் துளைக்கு அது 0.037 மி.மீ., ஒரு தலைமுடியின் கனத்துக்கும் குறைவு. அதனால் தகட்டில் துரு இருந்தாலும் உப்புத்தாள் போடவே கூடாது, ஸ்க்ரூடிரைவரால் சுரண்டக் கூடாது. துணியும் மண்ணெண்ணெயும் போதும். உதவிக்கு நின்ற பையன் உப்புத்தாளை மடித்துக்கொண்டு வந்துவிட்டான், கையைப் பிடித்து நிறுத்தினேன். வெர்னியரால் நான்கு திசையில் அளந்தேன். நான்கும் 91.8. கூரான நல்ல தகடு, பாவம்.

திரும்ப மாட்டும்போது எழுத்து பாய்லர் பக்கம். புதுக் கேஸ்கட் இரண்டும் குழாயின் உள்வாயைத் தாண்டி உள்ளே நீட்டவில்லை என்று விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். கேஸ்கட் உள்ளே நீட்டினால் அதுவே இன்னொரு தகடு மாதிரி ஓட்டத்தைக் கெடுக்கும். போல்ட்டுகளை எதிரெதிராக மூன்று சுற்றில் இறுக்கினோம். நேர்க்குழாய் நீளத்தையும் அன்றே அளந்துவிட்டேன். முன்னால் ஒரு வளைவிலிருந்து தகடு வரை 5 மீட்டர், அதாவது விட்டத்தைப்போல் சுமார் 32 மடங்கு. இந்த பீட்டாவுக்கு முழுத் திருப்தி என்றால் 42 மடங்கு வேண்டும். கொஞ்சம் குறைவுதான், அதற்கு அரை சதவீதம் சந்தேகத்தைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது தரம். எங்களுக்கு அது போதும்.

நீராவியைத் திறக்கும் முன் பாட்டுகளின் மேல் பிளக்கைக் கழற்றிப் புனல் வைத்துத் தண்ணீர் ஊற்றி இரண்டு இம்பல்ஸ் லைனையும் நிரப்பினேன். டிரான்ஸ்மிட்டரின் வென்ட்டைத் தளர்த்திக் குமிழி நிற்கும் வரை விட்டேன். காலி லைனில் நீராவியை விட்டால் 170 டிகிரிக்கு மேலான சூடு நேராக டிரான்ஸ்மிட்டரின் மெல்லிய சவ்வில் (டயாஃப்ரம்) போய் அடிக்கும். அது தாங்குவது 120 டிகிரி பக்கம். இதே காரணத்துக்காகத்தான் நீராவி மேனிஃபோல்டில் மூன்று வால்வையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக் கூடாது. ஹை பக்கம், ஈக்வலைசர், லோ பக்கம் மூன்றும் திறந்திருந்தால் தண்ணீர்க் கம்பம் ஹை பக்கத்திலிருந்து லோ பக்கமாக ஓடிப்போய், பின்னாலேயே நீராவி வரும். ஜீரோ பார்க்க வேண்டுமென்றால் முதலில் லோ பக்கத்தை மூடு, பிறகு ஈக்வலைசரைத் திற, பிறகு ஹை பக்கத்தை மூடு. திரும்பச் சேர்க்கும்போது இதைத் தலைகீழாகச் செய். எங்கள் பையன்களுக்கு இதை மேனிஃபோல்டு பக்கத்துச் சுவரிலேயே பெயின்ட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பார்த்தேன். தண்ணீர் 302 கன மீட்டர். டன்னாக்கினால் 292.3, பிளோடவுன் போக 282.1. நீராவி மீட்டர் 280.4. வித்தியாசம் 0.6 சதவீதம். எதையும் பெருக்கவில்லை, எதையும் கூட்டிப் போடவில்லை. மேனேஜர் தாளை வாங்கி இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, லைனில் நிரந்தரமாக ஓர் அழுத்த டிரான்ஸ்மிட்டர் போட எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அடுத்த வாரமே வந்துவிட்டது. நம்முடையது நிறைநீராவி (கொதிக்கும் தண்ணீரின் அதே வெப்பநிலையில் இருப்பது), அழுத்தம் தெரிந்தால் அடர்த்தி தெரிந்துவிடும். தனியாக வெப்பநிலை வேண்டாம். 6 கிலோவுக்கு 3.62, 7-க்கு 4.10, 8-க்கு 4.58, 9-க்கு 5.07, 10-க்கு 5.55 என்று பிஎல்சியில் அட்டவணையாகப் போட்டுவிட்டேன். நடுவில் வருவதை அது நேர்கோட்டில் எடுத்துக்கொள்ளும். இனி பாய்லர் அழுத்தம் எங்கே போனாலும் மீட்டர் கூடவே போகும்.

தகட்டின் கைப்பிடியில் சிவப்புப் பெயின்ட்டால் அம்புக்குறி போட்டேன். லேகிங்குக்கு வெளியே தெரியும்படி கைப்பிடியைச் சுற்றி மட்டும் ஒரு துண்டைக் கழற்றி மாட்டும்படி தைத்துத் தரச் சொன்னோம்.

வியாழக்கிழமை மத்தியானம் அண்ணனும் நானும் பாய்லர் ஹவுஸ் பெஞ்சில் உட்கார்ந்து பழைய ரெஜிஸ்டரைத் திறந்தோம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின மாதம், பிந்தின மூன்று மாதம், ஒவ்வொரு வாரத்துக்கும் தண்ணீர்க் கணக்கிலிருந்து நீராவியைப் புதிதாகப் போட்டேன். அவர் விறகு எடையைப் படிக்க, நான் வகுக்க, பழைய 3.8-களுக்கும் 3.25-களுக்கும் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தோம். 3.5, 3.5, 3.4, 3.5, மழை பெய்த வாரம் 3.3, மறுபடி 3.5.

"அப்பவும் மூணரைதானா?" என்று இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின பக்கத்தைக் காட்டிக் கேட்டார்.

"அப்பவும் மூணரைதான் அண்ணா."

அந்த மாதக் கூட்டத்துக்கு ரெஜிஸ்டரை அவரே கையில் எடுத்துக்கொண்டு போனார்.